ஈமான் வேறு, கிஸ்ஸா வேறு

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். ஸலாம் சொல்லிவிட்டுத் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மணலைத் தோண்டிய பெரும் பள்ளம். அதற்குள் மனித எலும்புக்கூடு ஒன்று. தோண்டுகிற ஆள் அந்த மண்டையோட்டுக்குப் பக்கத்தில் சிறுபிள்ளை போலத் தெரிகிறான்.

"ஹஜ்ரத், எனக்குப் பத்து வயதிருக்கும்போது மதரஸாவில் இந்தப் படத்தைக் காட்டினார்கள். அரபு நாட்டுப் பாலைவனத்தில் எண்ணெய் தேடியவர்கள் கண்டெடுத்த ஆது கூட்டத்தாரின் எலும்பு என்றும், குர்ஆன் உண்மை என்பதற்கு இதுவே அத்தாட்சி என்றும் சொன்னார்கள். பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் நண்பன் ஒருவன் இது ஒட்டுவேலை என்று நிரூபித்துக் காட்டிவிட்டான். அன்றைக்கு மனதில் ஏதோ ஒன்று ஆடிப்போயிற்று. இது பொய்யென்றால் அதே மதரஸாவில் எனக்குச் சொல்லித் தந்த மற்றதெல்லாம்?" என்றார்.

அந்த நண்பர் சொன்னது உண்மைதான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தார், மாஸ்டோடான் என்னும் பழங்கால யானையினத்தின் எலும்புகளைத் தோண்டினார்கள். அப்போது எடுத்த புகைப்படத்தில் மனித எலும்புக்கூட்டின் படத்தைப் பொருத்தி, 2002-ல் கணினி வல்லுநர் ஒருவர் ஒரு வேடிக்கைப் போட்டிக்கு அனுப்பினார். செய்தவர் யாரையும் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்யவில்லை. அதை எடுத்து ஆது கூட்டத்தாரின் எலும்பென்று பெயர் சூட்டி ஊரெங்கும் பரப்பியவர்கள் வேறு ஆட்கள். 2007-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனம் இதன் வரலாற்றை விளக்கமாக எழுதி வெளியிட்ட பிறகும் படம் ஓய்ந்தபாடில்லை.

இளைஞரின் கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசக நேயர்களும் அப்படி எடுத்துக்கொள்ளலாகாது. ஒரு பிள்ளையின் உள்ளத்தில் கலிமாவையும் இந்தப் படத்தையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்தால், ஆணி பிடுங்கப்படும் நாளில் இரண்டும் சேர்ந்தே விழும். இதில் பிள்ளையைக் குறை சொல்ல நமக்கென்ன உரிமை இருக்கிறது?

திருமறை ஆது கூட்டத்தாரைப் பற்றிச் சொல்வதுதான் என்ன? அவர்களுக்கு உடலமைப்பில் பெருக்கம் அளிக்கப்பட்டிருந்தது என்று கூறுகிறது. காற்றால் அழிக்கப்பட்டபோது வேரோடு பெயர்ந்த பேரீச்ச மரங்களின் அடிமரங்களைப் போல் கிடந்தார்கள் என்று கூறுகிறது. அவ்வளவுதான். முழக்கணக்கு இல்லை, மண்டையோட்டின் அளவும் இல்லை. இல்லாத அளவை நாமாகச் சேர்த்து, சேர்த்ததற்கு ஆதாரமும் நாமாகத் தேடி, கடைசியில் அந்த ஆதாரம் பொய்த்ததும் குர்ஆன் பொய்த்துவிட்டதாகப் பிள்ளைகள் மிரளும்படி செய்துவிட்டோம்.

ஈமான் கொள்ள வேண்டிய விஷயத்துக்கும் புராணக் கதைக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி புதியதன்று. குர்ஆன் இறங்கிய நாளிலேயே மக்காவில் இது எழுந்தது. மறுத்தவர்கள் வேதவசனங்களுக்குச் சூட்டிய பெயர் ‘அசாத்தீருல் அவ்வலீன்’, அதாவது முன்னோர்களின் கட்டுக்கதைகள் என்பதாகும். இச்சொற்றொடர் திருக்குர்ஆனில் ஒன்பது இடங்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் மறுப்போரின் வாய்மொழியாகவே வருகிறது. குறைஷிகளில் நள்ரு இப்னு ஹாரித் என்பவன் ஹீராவுக்குச் சென்று பாரசீக மன்னர்களின் கதைகளையும், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் ஆகிய வீரர்களின் கதைகளையும் கற்று வந்தவன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சபையிலே இறைவசனங்களை ஓதி எழுந்து சென்றதும், அதே இடத்தில் இவன் உட்கார்ந்துகொண்டு, தன்னிடம் இதைவிட நல்ல கதைகள் இருப்பதாகக் கூறித் தொடங்கிவிடுவானாம். வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் வழியாக இச்செய்தி வந்துள்ளது. அவனுடைய எண்ணத்தில் இரண்டும் ஒன்றுதான்: பழங்காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஏதோ ஒன்று, சுவையாகச் சொல்பவன் வென்றான். ருஸ்தமின் கதையைக் கேட்டவன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆது, தமூது கூட்டத்தாரின் வரலாற்றைக் கேட்டவன் தன் தராசையும், தன் அடிமையை நடத்தும் விதத்தையும், தன் முடிவையும் பற்றி யோசித்தாக வேண்டும். நள்ருக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "வானவர்களை நம்புகிறீர்கள்; கடல் பிளந்ததை நம்புகிறீர்கள்; மிஃராஜை நம்புகிறீர்கள். இவையும் அதிசயங்கள்தாமே? பூதாகாரமான எலும்புக்கூட்டை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதிசயமாக இருப்பதால் ஒன்று கதையாகிவிடாது. சாதாரணமாக இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடவும் செய்யாது. அல்லாஹ்வின் ஆற்றலுக்கு எல்லையில்லை என்று நம்புகிறவனுக்கு, ‘நடக்க முடியுமா’ என்பது கேள்வியே அன்று. ‘நடந்தது என்று நமக்குச் சொன்னது யார், அது நம்மிடம் வந்து சேர்ந்த வழி எது’ என்பதே கேள்வி. ‘அல்லாஹ் நாடினால் ஆகாதா?’ என்று சொல்லிக் கட்டுக்கதைகளை நியாயப்படுத்துவோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு கதை பிறந்த அன்றே அதன் கழுத்தை நெரித்த சம்பவம் ஒன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு அவர்களுடைய அருமைப் புதல்வர் இப்ராஹீம் மழலைப் பருவத்திலேயே வஃபாத்தானார். அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. வானியலார் கணக்குப்படி அது கி.பி. 632 ஜனவரி 27-ஆம் நாள் ஏற்பட்ட கிரகணம். இப்ராஹீமின் மறைவுக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மதீனத்து மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஓர் அதிசயம் தயாராக இருந்தது. மக்கள் நம்பவும் தயாராக இருந்தார்கள். வாய் திறவாமல் இருந்தாலே போதும், நுபுவ்வத்துக்கு அது பெரிய அத்தாட்சியாகப் பேசப்பட்டிருக்கும். ஆனால் புத்திரசோகத்தில் கண் கலங்கியிருந்த அந்தத் தந்தை மக்களைக் கூட்டி நீண்ட தொழுகை நடத்தினார்கள். பிறகு, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய மரணத்துக்காகவோ பிறப்புக்காகவோ அவை கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கினார்கள். புகாரீ, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. நம் மார்க்கத்துக்குப் பொய்யான அத்தாட்சி தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்? அந்த எலும்புக்கூட்டுப் படத்தை நல்லெண்ணத்தோடு பரப்பிய சகோதரர்கள் இந்த ஹதீஸைச் சற்று நினைத்துப் பார்த்திருக்கலாம்.

இனி, ஓர் உண்மைச் செய்தி எப்படிப் புராணமாக வளர்கிறது என்பதைப் பார்ப்போம். மதீனாவில் யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து மூன்று கேள்விகள் கேட்டார்கள். மறுமை நாளின் முதல் அடையாளம் என்ன, சுவர்க்கவாசிகளின் முதல் உணவு என்ன, குழந்தை தகப்பனையோ தாயையோ ஒத்திருப்பது எதனால் என்பவையே அவை. பதில்களைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார்கள். இதை அனஸ் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரீ பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றே மூன்று கேள்விகள்!

பிற்காலத்தில் பெயர் தெரியாத எவரோ அந்த மூன்றை வளர்த்தார். நூறாயிற்று, பிறகு ஆயிரமாயிற்று. வானம் எதனால் ஆனது, பூமி எதன்மேல் நிற்கிறது என்றெல்லாம் கேள்விகள் நீண்டன. ஒவ்வொன்றுக்கும் விடை நபிகளாரின் திருவாயிலிருந்து வந்ததாகவே எழுதப்பட்டது. இந்நூல் பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளுக்கெல்லாம் பயணம் செய்தது. தமிழிலும் வந்தது. வண்ணப் பரிமளப் புலவர் 1572-ல் பாடி மதுரையில் அரங்கேற்றிய ஆயிர மசலா இதன் வழி வந்ததே. நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களில் மிகப் பழையது அது என்ற பெருமை அதற்கு உண்டு. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியச் சொத்து என்பதில் நமக்கும் பெருமிதமே. அந்நூலுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது: அதிசய புராணம். புலவர் பெருமான் மறைக்கவில்லை! புராணம் என்று அறிவித்துவிட்டே பாடினார். அதை அகீதா நூலாக எடுத்துக்கொண்டால் அந்தத் தவறு படிக்கிறவர்களுடையது.

அப்படி எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு சாதாரணமானதன்று. 1143-ஆம் ஆண்டுவாக்கில், கிறிஸ்தவத் துறவி மடங்களின் தலைவர் ஒருவர் இஸ்லாத்தை மறுத்து எழுதும் நோக்கத்துடன் குர்ஆனை லத்தீனில் பெயர்க்கச் செய்தபோது, கூடவே இந்தக் கேள்வி-பதில் நூலையும் பெயர்க்கச் செய்தார். அதற்கு இட்ட தலைப்பு ‘முஹம்மதின் போதனை’ என்ற பொருள்பட அமைந்தது. 1543-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் லத்தீன் குர்ஆன் அச்சானபோதும் அதே தொகுதியில் இது இடம்பெற்றது. எவரோ திண்ணையில் அமர்ந்து கூட்டிப் பெருக்கிய கதைகளை ஐரோப்பாவின் கற்றோர் நூற்றாண்டுக் கணக்கில் படித்து, ‘இதுதான் முஸ்லிம்களின் நம்பிக்கை’ என்று ஏளனம் செய்தார்கள். அவர்களைக் கடிந்து என்ன பயன்? கதையை நபிகளாரின் பெயரில் எழுதியவன் நம்மவன்தானே!

இந்த ஆபத்தை நம் முன்னோர்களான முஹத்திஸ்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடரை அவர்கள் தீனின் ஓர் அங்கமாகவே மதித்தார்கள். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று துருவினார்கள். ஹிஜ்ரி 597-ல் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜவ்ஸீ கட்டுக்கதைகளைத் திரட்டி ஒரு நூல் எழுதியதோடு, கிஸ்ஸா சொல்லிப் பிழைக்கும் பள்ளிவாசல் கதைசொல்லிகளைப் பற்றியே தனியாக ஒரு நூலும் எழுதினார்கள்.

அந்தக் கதைசொல்லிகளைப் பற்றி ஒரு சம்பவம் மிகப் பிரசித்தம். இமாம் அஹ்மது இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் பக்தாதின் ருஸாஃபா பள்ளியில் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தார்களாம். ஒருவர் எழுந்து, ‘அஹ்மது இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் எமக்கு அறிவித்தார்கள்’ என்று தொடங்கி, கலிமாச் சொன்னவருக்காகப் பொன் அலகும் பவளச் சிறகும் உள்ள பறவை படைக்கப்படுவதாக நீட்டி முழக்கினாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வசூல் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு யஹ்யா தம்மை இன்னாரென்று தெரிவிக்க, அந்த மனிதர் கொஞ்சமும் அசராமல், உலகத்தில் அந்தப் பெயருடையவர்கள் நீங்கள் இருவர் மட்டும்தானா, நான் பதினேழு அஹ்மது இப்னு ஹன்பலிடம் ஹதீஸ் எழுதியிருக்கிறேன் என்று திருப்பிக் கேட்டாராம்! சுவையான சம்பவந்தான். ஆனால் ஹதீஸ் கலை மேதை இமாம் தஹபீ இதன் அறிவிப்பாளரை ஆராய்ந்து, இவர் யாரென்றே தெரியவில்லை, இந்தச் சம்பவமே இவருடைய கற்பனையாக இருக்கலாமென ஐயுற்றிருக்கிறார்கள். கட்டுக்கதைக்கு எதிராகச் சொல்லப்பட்ட கதையையும் அந்தப் பெருமக்கள் அதே தராசில்தான் நிறுத்தார்கள். நமக்குச் சாதகமான செய்தி என்பதற்காகச் சலுகை காட்டவில்லை.

நம் வீடுகளில் உம்மம்மாமார் சொல்லும் ஊஜ் இப்னு உனுக் கதை பலருக்கும் நினைவிருக்கும். நாமும் அதைக் கேட்டுக்கொண்டே உறங்கியவர்தான். அவன் உயரம் 3,333 முழமும் ஒரு முழத்தில் மூன்றிலொரு பங்கும்! (அந்த மூன்றிலொரு பங்கை அளந்தவரைத்தான் நாம் மெச்ச வேண்டும்.) நூஹ் நபி (அலை) காலத்து வெள்ளம் அவன் முழங்காலுக்குக்கூட வரவில்லையாம், கடலடி மீனைக் கையால் அள்ளிச் சூரியனில் சுட்டுத் தின்பானாம். மேலே ஏற ஏறக் குளிரத்தான் செய்யும் என்பது ஊட்டிக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும், அது கிடக்கட்டும். இமாம் இப்னு கஸீர் (வஃபாத்து ஹிஜ்ரி 774) இக்கதையை மறுத்த விதம் கவனிக்கத்தக்கது. ‘இவ்வளவு உயரம் இருக்க முடியுமா’ என்று மட்டும் அவர்கள் வாதிடவில்லை. நிராகரிப்போரில் எவரையும் விட்டுவைக்காதே என்று நூஹ் நபி (அலை) இறைஞ்சியதையும், கப்பலில் இருந்தோர் காப்பாற்றப்பட்டு மற்றவர்கள் மூழ்கடிக்கப்பட்டதையும் திருமறை கூறுகிறது. நபியின் சொந்த மகனே தப்பாத வெள்ளத்தில் காஃபிரான இவன் எப்படித் தப்பினான் என்று கேட்டார்கள். அதாவது அக்கதை வேதம் சொல்வதோடு மோதுகிறது.

கிஸ்ஸா ஈமானோடு மோதும் இடம் இதுதான். இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அய்யூப் நபி (அலை) அவர்களின் மேனியில் புழு நெளிந்ததாகவும், ஊரார் அருவருத்துக் குப்பைமேட்டில் போட்டதாகவும் உருக்கமாகப் பாடக் கேட்டிருக்கிறோம். பெண்கள் தேம்பி அழுவார்கள். திருமறையோ அவர்களைத் துன்பமும் வேதனையும் தீண்டின என்றும், அவர்கள் பொறுமையாளராய் இருந்தார்கள் என்றும்தான் கூறுகிறது. நாம் மதரஸாக்களில் ஓதும் அகீதா கிதாபுகளில் என்ன இருக்கிறது? நபிமார்களுக்கு நோய் வரலாம். ஆனால் மக்கள் வெறுத்து ஒதுங்கும்படியான நோய் வராது, ஏனெனில் தூதை எத்திவைக்கும் பணிக்கு அது தடையாகும் என்று இருக்கிறது. காலையில் அகீதா பாடத்தில் இதை ஓதிவிட்டு, இரவில் மேடையேறிப் புழுக்கதையைச் சொன்னால், கேட்கும் மாணவன் எதை எடுத்துக்கொள்வான்? தாவூது நபி (அலை) அவர்களைப் பற்றித் தம் படைவீரர் ஒருவரின் மனைவியோடு இணைத்துச் சொல்லும் கதை இதைவிடக் கொடியது. காழீ இயாழ் போன்ற பெரியார்கள் அதைக் காதிலே வாங்கவும் கூடாதென்று எழுதினார்கள்.

வேதக்காரர்களிடமிருந்து வந்த செய்திகளை உலமாக்கள் மூன்றாகப் பிரித்தார்கள். நம் வேதம் உறுதிப்படுத்துவதை ஏற்போம், மறுப்பதை மறுப்போம், இரண்டும் இல்லாததை மெய்யென்றும் சொல்லோம், பொய்யென்றும் சொல்லோம். மூன்றாவது வகையைச் சொல்வதற்குத் தடையில்லை. ஆனால் அதன்மேல் எதையும் கட்டலாகாது. மிஸ்ரு நாட்டு அஸீஸின் மனைவிக்கு ஸுலைகா என்ற பெயர் குர்ஆனில் இல்லை. குகைத்தோழர்களின் நாய்க்குக் கித்மீர் என்ற பெயரும் இல்லை. குகைத்தோழர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கிப்பதை எடுத்துக்காட்டிவிட்டு, அவர்களின் எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான், சிலரைத் தவிர வேறெவரும் அறியார் என்று திருமறை அந்தப் பேச்சை முடித்துவிடுகிறது. கதைக்குச் சுவை சேர்க்கும் விவரம் அதற்கு முக்கியமில்லை. நமக்கோ நாயின் நிறமும் தெரிந்தாக வேண்டும்!

அதற்காகக் கதை என்றாலே ஆகாதென்று நாம் கருதுவதாக யாரும் எண்ண வேண்டாம். யூசுஃப் நபி (அலை) வரலாற்றை வரலாறுகளில் மிக அழகானது என்று இறைவனே வர்ணித்திருக்கிறான். அங்கே வரும் ‘கஸஸ்’ என்ற சொல்லும் நம்முடைய ‘கிஸ்ஸா’வும் ஒரே வேரில் பிறந்தவை. அந்த வேரின் மூலப்பொருள் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து செல்வது என்பதாகும். மூஸா நபி (அலை) குழந்தையாகப் பெட்டியில் ஆற்றோடு போனபோது, பின்தொடர்ந்து போய்ப் பார் என்று தாயார் மகளை ஏவிய இடத்திலும், பிற்காலத்தில் அதே நபி தாம் வந்த தடத்தைப் பற்றியே திரும்பி நடந்த இடத்திலும் குர்ஆன் இந்த வேர்ச்சொல்லையே ஆள்கிறது. தடம் உள்ளவரை போக வேண்டும். தடம் மறைந்த இடத்தில் நிற்க வேண்டும். அதற்கப்பால் நடப்பவன் கஸஸை விட்டுவிட்டுத் தன் கற்பனையைப் பின்தொடர்கிறான்.

அந்த இளைஞரிடம் நாம் நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "தம்பி, உமக்குப் படத்தைக் காட்டியவர் தவறு செய்துவிட்டார். குர்ஆன் சொல்லாததைக் குர்ஆனின் பொறுப்பில் எழுதிவிட்டார். அந்தக் கடனை அவர் தீர்க்கட்டும், குர்ஆன் தீர்க்க வேண்டியதில்லை" என்று மட்டும் சொல்லி, ‘அல்ஹாக்கா’ அத்தியாயத்தின் தர்ஜமாவை எடுத்துக் கொடுத்தோம். மக்ரிபு பாங்கு வரை வாசித்துக்கொண்டிருந்தார்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை மறைப்பது நாணயமாகாது. ஆஷூரா நாளன்று ஆதம் நபி (அலை) அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டது, கப்பல் ஜூதி மலையில் தங்கியது, இப்ராஹீம் நபி (அலை) நெருப்பிலிருந்து ஈடேற்றம் பெற்றார்கள், யூனுஸ் நபி (அலை) மீன் வயிற்றிலிருந்து வெளிவந்தார்கள் என்று வரிசையாக அடுக்கி, நாமே எத்தனையோ ஆண்டுகள் பயான் செய்திருக்கிறோம். மூஸா நபி (அலை) அவர்களும் பனூ இஸ்ராயீலும் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்டதும் அதற்காக நோன்பு வைக்கப்பட்டதும் ஸஹீஹான ஹதீஸில் உள்ளவை. நீண்ட பட்டியலாக வரும் அறிவிப்பையோ இப்னுல் ஜவ்ஸீ கட்டுக்கதைகளின் நூலில்தான் சேர்த்திருக்கிறார்கள். இதை அறிந்த பிறகு ஒரு முஹர்ரமில் மிம்பரில் நின்று, ‘சென்ற ஆண்டுகளில் நான் சொன்னவற்றில் இது ஆதாரமுள்ளது, இவை ஆதாரமற்றவை’ என்று பிரித்துச் சொன்னோம். தொழுகை முடிந்ததும் முதல் ஸஃப்பில் இருக்கும் பெரியவர் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "நாற்பது வருஷமாக நாங்கள் கேட்டு அழுததெல்லாம் வீணா?" என்று வருத்தப்பட்டார். நமக்கு உடனே பதில் வரவில்லை. மனம் நொந்து போனார், இனி நம் பயானுக்கு வரமாட்டார் என்றே எண்ணினோம். அடுத்த ஜும்ஆவிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பயான் முடிந்து நாம் இறங்கியதும் அருகே வந்து, "இன்றைக்குச் சொன்னது எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று கேட்டார்.